பன்னிரண்டரை மணி மாலைச் செபம்

பிப்ரவரி 18, செவ்வாய். முற்பகல் 11.32 முதல் 11.51 வரை நியூசிலாந்தில் உள்ள மகள் வீட்டுடன் வீடியோ அழைப்பு. மாலைச் செபம். செபம் சொன்னவர் என் மனைவி. 1.15: மதிய உணவு. 2.25: மனைவி சமையலறையில் விழுந்தாள். 2.50: ஆம்புலன்ஸ். 3.20: மருத்துவமனை. 3.55: இறப்பு உறுதி செய்யப்பட்டது. காரணம்: மூளையில் இரத்தக் கசிவு. வயது அறுபத்தெட்டு.

பிப்ரவரி 20, வியாழன். காலை 7.40: மகள் தனியாக வந்து சேர்ந்தாள். மாலை 4.00: திருப்பலி. 5.15: அடக்கம்.

பிப்ரவரி 28, வெள்ளி. மகள் திரும்பிச் சென்றாள்.

மார்ச் 5, சாம்பல் புதன். மகள் வசிக்கும் ஊர்க் கோயிலில், பேரன் (வயது நான்கு) தன் நெற்றியில் சாம்பலால் சிலுவை வரைய வந்த குருவின் கையைத் தள்ளிவிட்டான். பிறகு தன் தாயின் நெற்றியை இரு கைகளாலும் மூடிக்கொண்டான். பூசை முடியும் முன்பே அவர்கள் வெளியேறினார்கள்.

மார்ச் 6 முதல் ஏப்ரல் 5 வரை. மகளிடமிருந்து அழைப்பு வந்த நாட்கள்: எல்லா நாட்களும். நான் எடுத்துப் பேசிய நாட்கள்: நான்கு.

*

நாற்பது ஆண்டுகள் கல்லூரியில் கணிதம் கற்பித்தவன் நான். எதை எழுதுவதாயினும் முதலில் நிகழ்ந்தவற்றை நேரப்படி வரிசையாக வைத்துக்கொள்வது வழக்கம். மேற்கண்ட வரிகள் என் நாட்குறிப்பில் உள்ளவை. அவற்றில் பிழை ஏதுமில்லை. ஆயினும் அவற்றை எத்தனை முறை படித்தாலும், நான்கு வயதுப் பிள்ளை ஒருவன் தாயின் நெற்றியை ஏன் மூடினான் என்பது விளங்காது. அதற்கு எங்கள் வீட்டு மாலைச் செபத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பாலக்கரையில் பிறந்து, அங்கேயே மணமுடித்து, அங்கேயே எங்கள் ஒரே மகளை வளர்த்தோம். நான் ஓய்வுபெற்ற பிறகு, மனைவியின் மூட்டுவலியை முன்னிட்டு, லிஃப்ட் உள்ள அடுக்ககம் தேடி ஸ்ரீரங்கத்துக்குக் குடிவந்தோம். எட்டு வீடுகள் கொண்ட கட்டடத்தில் எங்களுடையது மட்டுமே கிறிஸ்தவ வீடு. ஞாயிறு பூசைக்கு ஒன்றாம் நம்பர் பஸ் ஏறிக் காவிரியைக் கடந்து எங்கள் பழைய பங்குக் கோயிலுக்கே சென்றுவந்தோம்.

மகள் செவிலியர். திருமணமான மூன்றாம் ஆண்டில் கணவருடன் நியூசிலாந்தின் தென்பகுதியில் ஒரு சிறிய ஊருக்குச் சென்றாள். அங்கே முதியோர் இல்லமொன்றில் அவளுக்கு வேலை. மருமகனுக்குப் பால்பவுடர் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. பேத்திக்கு ஏழு வயது, பேரனுக்கு நான்கு. இருவரும் அங்கேயே பிறந்தவர்கள்.

அந்த ஊரில் பிள்ளைகளைக் கிறிஸ்தவர்களாக வளர்ப்பது பாலக்கரையில் வளர்ப்பது போன்றதன்று என்பதை மகள் அவ்வப்போது சொல்வாள். பாலக்கரையில் அதற்கென எவரும் முயல வேண்டியதில்லை. மணி அடிக்கும்; பக்கத்து வீட்டார் கிளம்புவார்கள்; நாமும் கிளம்புவோம். அங்கே நான்கு ஊர்களுக்கு ஒரே குரு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் பூசை. மற்ற ஞாயிறுகளில் இருபது பேர் கூடி வாசகங்களை வாசித்து, தேநீர் குடித்துப் பிரிவார்கள். அவ்வாறு கூடுகிறவர்களில் இவர்கள் நால்வரே தமிழர்.

பேத்தி பள்ளியில் சேர்ந்த முதல் மாதம், மதிய உணவு டப்பாவைத் திறக்கும் முன் சிலுவை அடையாளம் வரைந்தாளாம். எதிரே இருந்த பிள்ளை, ஈ ஓட்டுகிறாயா என்று கேட்டதாம். மறுநாள் முதல் அவள் மேசைக்கடியில் உள்ளங்கையில் விரலால் சிறிதாக வரைந்துகொண்டாள். இதைக் கேட்டு மகள் கலங்கினாள். என் மனைவி கலங்கவில்லை. சிறிதாகப் போட்டாலும் அது சிலுவைதான் என்று பேத்தியிடம் சொல்லி, அடுத்த செய்திக்குப் போய்விட்டாள்.

கிறிஸ்துமஸ் அங்கே நடுக்கோடையில் வருகிறது. இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும். பிள்ளைகள் எட்டு மணிக்கே உறங்கிவிடுவார்கள். இங்கிருந்து அனுப்பிய காகித நட்சத்திரத்தை வாசலில் கட்டி விளக்கேற்றினால் எரிவதே தெரியாது. அவர்கள் அதைக் குளிர்காலக் கோட்டுகள் மாட்டும் அலமாரிக்குள் தொங்கவிட்டார்கள். மாலைச் செபம் முடிந்ததும் அலமாரிக் கதவைத் திறந்து நால்வரும் எட்டிப் பார்ப்பார்கள். போனை உள்ளே நீட்டி எங்களுக்கும் காட்டுவார்கள். இருண்ட கோட்டுகளின் நடுவே சிவப்பாக ஒரு நட்சத்திரம் சுழன்றுகொண்டிருக்கும்.

மாலைச் செபத்தை நடத்தியவள் என் மனைவி. அவர்களுக்கு மாலை ஏழாகும்போது இங்கே, அவர்களின் கோடையில், பதினொன்றரை. கோடை முடிந்து அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னோக்கித் திருப்பி வைத்த பிறகு, ஏப்ரல் முதல், பன்னிரண்டரை. அவள் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து, சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்து வைத்து, முந்தானையால் முக்காடிட்டு, மெழுகுவர்த்தி ஏற்றுவாள். சன்னல் வழியே வரும் உச்சி வெயிலில் சுடர் கண்ணுக்குத் தெரியாது. நாளின் ஒளி மறைந்துவிட்டது என்று தொடங்கும் செபத்தைக் கண்களைச் சுருக்கிக்கொண்டு சொல்வாள்.

எதிர்வீட்டு மாமிக்கு இது தீராத வேடிக்கை. மாமியின் கணவர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. அவர்களுடைய மகனும் வெளிநாட்டில்தான். பள்ளியாசிரியையாக இருந்த என் மனைவியை அவர் டீச்சர் என்றே அழைப்பார். ஒருநாள் கருவேப்பிலை கேட்டு வந்தவர் மெழுகுவர்த்தியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"என்ன டீச்சர், உங்காத்துல உச்சி வேளையிலயே சாயரட்சை ஆயிடறதே."

"என்ன பண்றது மாமி. எங்க சாமி இருட்டுன ஊரப் பாத்து எறங்கிட்டாரு. நாமதான் அவர் டைமுக்குப் போகணும்."

நான் அச்செபத்தில் திரைக்கு வெளியே இருந்தேன். பக்கத்து நாற்காலியில் செய்தித்தாளுடன் அமர்ந்து, மறுமொழி மட்டும் சொல்வேன். செபம் முடிந்ததும் பிள்ளைகள் கைகுவித்து, "ஸ்தோத்திரம் அம்மாச்சி, ஸ்தோத்திரம் தாத்தா" என்பார்கள். நான் கையை மட்டும் திரைக்குள் நீட்டி அசைப்பேன். தாத்தா ஒரு கை என்று பேத்தி வெகுநாள் சொல்லிவந்தாள்.

ஸ்தோத்திரம் சொன்ன பிள்ளைகளின் நெற்றியில் பெரியவர்கள் கட்டைவிரலால் சிலுவை வரைவது எங்கள் வழக்கம். அது முடிந்த பிறகே பிள்ளைகள் எழுந்து போகலாம். ஏழாயிரம் மைல் அப்பால் உள்ள நெற்றிக்கு என் மனைவி அதைத் திரையின் மேல் வரைந்தாள். முதலில் பேத்தி முகத்தைப் போனுக்கு அருகே கொண்டுவருவாள். அவள் உயரம், நெற்றி திரையின் மேற்பாதியில் விழும். அடுத்துப் பேரன். அவன் தலை மேசை விளிம்புக்குச் சற்றே மேலே எட்டும்; நெற்றி திரையின் அடிப்பகுதியில், பொத்தான்கள் உள்ள இடத்தில் விழும். அவள் கட்டைவிரல் அவன் நெற்றியில் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுக்கும். சிவப்புப் பொத்தான் அங்கேதான் இருந்தது. அழைப்பு அறுந்துபோகும். குறுக்குக் கோட்டை இருண்ட திரையின் மேல் வரைந்து முடிப்பாள்.

இதைத் தவிர்க்க ஒரு வழி சொன்னேன்: போனைக் குறுக்காக வைக்கலாம். அவள் கேட்கவில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லியாயிற்று, இனி அறுந்தால் என்ன, மீதிக் கோடு தானே போய்ச் சேரும் என்றாள். புடவைத் தலைப்பால் திரையைத் துடைத்துவிட்டு அடுப்படிக்குச் செல்வாள். ஒவ்வொரு நாளும் இவ்வாறே முடிந்தது.

இரண்டாண்டுகளுக்கு முன் அங்கே சென்று மூன்று மாதம் தங்கினோம். திரும்பும் நாளில், விமான நிலையத்தில், அவள் இரு பிள்ளைகளின் நெற்றியிலும் முழுச் சிலுவை வரைந்தாள். பிறகு நாங்கள் கண்ணாடிக் கதவைக் கடந்து உள்ளே சென்றோம். பேரனுக்கு அப்போது இரண்டு வயது. கதவு மூடும்போது அவன் தன் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்ததைக் கண்டேன். அதற்கு அன்று எந்தப் பொருளும் கொள்ளவில்லை.

பிப்ரவரி 18 அன்றும் அவன் நெற்றியில் கோடு விழுந்தது, திரை இருண்டது. மறுநாள் அம்மாச்சி வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. மகள் அவசரமாக இங்கே வந்துவிட்டாள். மருமகன் பிள்ளைகளிடம் என்ன சொல்வதென்று தெரியாமல், அம்மாச்சி சாமியிடம் போய்விட்டார் என்று மட்டும் சொன்னார். எவ்வாறு போனார் என்பதைப் பேரன் தானே கண்டுபிடித்துக்கொண்டான்.

சாம்பல் புதனன்று பிற்பகல், அவர்களின் இரவில், மகள் அழைத்தபோது நான் எடுத்தேன். நடந்ததைச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்தபின் அவன் சொன்னதையும் சொன்னாள்.

"'அம்மா, உனக்குப் போட்டா நீயும் போயிருவ'ன்னு சொல்றான்ப்பா. ராத்திரி நான் வழக்கமா போடற சிலுவையையும் போட விடமாட்டேங்கறான். தொப்பிய இழுத்துப் புருவம் வரைக்கும் மாட்டிக்கிட்டுத் தூங்கறான்."

பிள்ளையின் முடிவு தவறானது. ஆனால் அவனிடம் இருந்த சான்றுகளைக் கொண்டு பார்த்தால் அதில் நான் குறைகாண ஒன்றுமில்லை. அவன் நினைவறிந்தவரை, அம்மாச்சியின் சிலுவை நெற்றியில் விழுந்த ஒவ்வொரு முறையும் அம்மாச்சி மறைந்திருந்தாள். விதிவிலக்கு ஒன்றுகூட இல்லை.

மகள் என்னிடம் கேட்டது சிறிய உதவி. அம்மாவைப் போல நான் தினமும் அழைப்பில் வந்து செபம் சொல்ல வேண்டும். தாத்தா மறையாமல் இருப்பதை அவன் காண வேண்டும். ஆகட்டும் என்றேன். செய்யவில்லை.

அழைப்புகள் மனைவியின் போனுக்கே வந்தன. பிள்ளைகள் அறிந்த எண் அது. பதினொன்றரைக்கு அது ஒலிக்கும்போது நான் வீட்டில் இருப்பதில்லை. பதினொன்றேகாலுக்குக் கிளம்பி ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறுவேன். காவிரிப் பாலம், சத்திரம், ஜங்ஷன், மத்தியப் பேருந்து நிலையம்; மறுபடி அதே வழியில் திரும்புதல். இறங்கவில்லையா என்று நடத்துநர் இருமுறை கேட்டார். மூன்றாம் முறை கேட்கவில்லை. மாதம் முழுவதும் இவ்வாறு சென்றது. அந்நாட்களில் நான் எடுத்த நான்கு அழைப்புகளும் மாநகரப் பேருந்துகள் ஓடாத நேரத்தில் வந்தவை என்று சொல்ல விருப்பம்தான். உண்மையில் அவை நான் பஸ்ஸைத் தவறவிட்ட நாட்கள்.

ஏப்ரல் முதல் சனிக்கிழமை, லிஃப்டில் மாமி உடன் வந்தார். மூன்றாம் மாடியில் கதவு திறந்ததும் வெளியேறாமல் வழியை மறித்து நின்றார்.

"சார், ஒண்ணு சொன்னாக் கோச்சுக்கப்படாது. தெனம் பஸ்ஸு ஏறறேள், வெறுங்கையோட திரும்பி வறேள். ஆத்துல போன் அடிச்சுண்டே இருக்கு. கதவுக்கு இந்தப் பக்கம் நான் கேட்டுண்டே இருக்கேன்."

பதிலுக்கு ஏதோ சொல்லத் தொடங்கினேன்.

"குழந்தைகள் என்ன பெருமாளையா கூப்பிடறதுகள், கூப்பிட்டா ஒடனே வராம இருக்கறதுக்கு? தாத்தாவைத்தானே கூப்பிடறதுகள். எடுத்தா என்ன, கொறஞ்சா போயிடுவேள்?"

லிஃப்டின் கதவு மூட முயன்று மாமியின் தோளில் இடித்துத் திறந்தது. அவர் அதைக் கண்டித்துவிட்டுத் தன் வீட்டுக்குள் சென்றார்.

மறுநாள் ஞாயிறு. அங்கே கடிகாரத்தைத் திருப்பி வைத்த நாள். பூசையிலிருந்து பன்னிரண்டு மணிக்குத் திரும்பினேன். பன்னிரண்டரைக்கு அழைப்பு வந்தது, எடுத்தேன். சர்க்கரை டப்பாவில் போன் நிற்கவில்லை, கையில் பிடித்துக்கொண்டேன். செபம் எனக்கு மனப்பாடம். ஆனால் முதல் வரியைச் சொல்லி அறியேன். எப்போதும் இரண்டாம் வரியே எனக்குரியது. பேத்தி அதை உணர்ந்து தானே தொடங்கினாள். பேரன் சோபாவின் பின்னே இருந்தான். நீலக் கம்பளித் தொப்பியின் உச்சி மட்டும் தெரிந்தது.

செபம் முடிந்ததும் அவனை அழைத்தேன். வந்தான். தொப்பியை இரு கைகளாலும் பிடித்திருந்தான். அப்போது நான் செய்ததை எழுதியாக வேண்டும். முதல் நாள் மாலையே ஒரு தாளில் படம் வரைந்து வைத்திருந்தேன்: போனின் திரை, மேலே அக்காவின் நெற்றி, கீழே அவன் நெற்றி, அதனருகே சிவப்பு வட்டம். அதைத் திரைமுன் காட்டி விளக்கினேன். சிலுவையால் எவரும் மறைவதில்லை. பொத்தானில் விரல் பட்டதால் அழைப்பு அறுந்தது. அவன் நெற்றி கீழே இருந்ததால் விரல் அங்கே பட்டது. ஐயத்துக்கு இடமின்றி, படிப்படியாக, அவனுக்குப் புரியும் சொற்களில் சொன்னேன். பாடம் புரிந்துவிட்ட மாணவனின் முகம் எனக்குத் தெரியும். அவன் முகம் அவ்வாறு ஆனது.

"நான் குட்டியா இருந்ததாலயா தாத்தா?"

இல்லை என்றேன். அவன் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். மகள் அவனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

திங்களன்று அவன் எல்லோருக்கும் முன்பே போனருகில் வந்திருந்தான். சாப்பாட்டு மேசையின் நாற்காலியை இழுத்துப்போட்டு அதன்மேல் நின்றான். தொப்பி இல்லை. முடியை நீரால் படிய வாரியிருந்தான். நெற்றி திரையின் மேல் விளிம்பைத் தொட்டது.

"தாத்தா, இப்ப நான் உசரம். அம்மாச்சியக் கூப்புடு."

நான் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். நேரம் 12.34.

அதன்பின் இரண்டு நாட்கள் அழைப்பு வரவில்லை. போனை மேசைமேல் வைத்து, எதிரே அமர்ந்திருந்தேன். பஸ் ஏறவில்லை. மூன்றாம் நாள் நானே அழைத்தேன். அதுவரை எங்கள் பக்கத்திலிருந்து நான் அழைத்ததில்லை; அதையும் மனைவியே செய்துவந்தாள். பேத்தி எடுத்தாள். குரலைத் தாழ்த்தி நிபந்தனைகளைச் சொன்னாள். தம்பி படுக்கையில் இருந்தபடியே செபம் சொல்வான். சிலுவை போடக் கூடாது. முக்கியமாக, போனை யாரும் நிறுத்தக் கூடாது. சரி என்றேன்.

இவ்வாறுதான் எங்கள் புதிய ஒழுங்கு அமைந்தது. செபம் முடிந்ததும் போனைப் பிள்ளைகளின் அறையில் சன்னல் மேடையில் சாய்த்து வைப்பார்கள். விளக்கை அணைப்பார்கள். நடைகூடத்து வெளிச்சத்தில் எனக்கு மரக்கூரையின் ஒரு மூலை தெரியும். இங்கே வெயில் உச்சியில் இருக்கும். நான் சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு போன்முன் அமர்வேன். தட்டில் கரண்டி படும் ஓசை அங்கே கேட்கும் என்பதால் கையால், மெதுவாக உண்பேன். தெருவில் கீரைக்காரி கூவினால் எழுந்து சன்னலைச் சாத்துவேன். சில நாட்களில் போர்வை அசையும் ஒலி வரும். பிறகு மூச்சு சீராகும். அவன் உறங்கியது எனக்குத் தெரிந்தாலும் நான் நிறுத்துவதில்லை. வேலை முடிந்து வரும் மருமகன் போனை எடுத்து, "மாமா, தூங்கிட்டான். வச்சிரட்டுமா?" என்று மெல்லக் கேட்பார். அவருக்கும் சொல்ல வேறொன்றும் இருப்பதில்லை, எனக்கும் இல்லை. சாப்பிட்டீர்களா என்று இருவரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வோம்.

மனைவி இறந்தபின் இந்த வீட்டில் மற்றொருவர் மூச்சு கேட்பது அந்த அரைமணி நேரத்தில்தான்.

பேத்திக்கு ஆகஸ்டில் புதுநன்மை; முதன்முறையாக நற்கருணை வாங்கும் நாள். மே மாத இறுதியில் கோயிலில் ஒத்திகை பார்த்தார்கள். நன்மை வாங்கும் பிள்ளைகளைக் குரு வாசலில் நின்று நெற்றியில் சிலுவையிட்டு வரவேற்பாராம். பேரன் அதைப் பார்த்துவிட்டு, அன்று தான் அக்காவின் நெற்றியைப் பிடித்துக்கொள்ளப்போவதாக வீட்டில் அறிவித்தான். பேத்தி அழுதாள். தான் போவதாக இருந்தால் தம்பியைக் கூட்டி வரக் கூடாது என்றாள். சற்று நேரம் கழித்து, தம்பி வராவிட்டால் தானும் போகப்போவதில்லை என்றாள். அன்று மகள் என் எண்ணுக்கு அழைத்தாள்.

"அப்பா, போன்ல இது முடியாதுப்பா. நீங்க வரணும். வந்து அவனுக்குச் சிலுவ போடணும். போட்டுட்டு இங்கயே இருக்கணும். மறுநாள் காலைல அவன் எந்திரிச்சு வரப்ப நீங்க மேசையில உக்காந்து காப்பி குடிச்சிட்டு இருக்கணும். அத அவன் கண்ணால பாக்கணும். அவ்வளவுதான்."

எத்தனை நாட்களுக்கு என்று கேட்டேன்.

இதைத் தானும் யோசித்திருப்பதாகச் சொன்னாள். எவ்வளவு முடியுமோ அவ்வளவு நாட்கள் என்றாள். ஒரு வாரம் அவகாசம் கேட்டேன்.

அந்த வாரத்தில் கல்லறைக்கு மூன்று முறை சென்றேன். சிமெண்ட் பூச்சு இன்னும் புதிதாகவே இருக்கிறது. பூ வைத்துவிட்டு நிற்பேன், வேறெதுவும் செய்வதில்லை. நான் இல்லாத நாட்களில் அங்கே வேறு யாரும் வருவதற்கில்லை. ஆனால் என் தயக்கத்துக்கு அது முழுக் காரணமன்று. நான் சென்று, பேரனின் நெற்றியில் சிலுவை வரைந்து, மறுநாளும் அதற்கு மறுநாளும் காப்பி குடித்துக்கொண்டிருப்பேன். அவன் மெல்ல நம்பத் தொடங்குவான். பிறகு ஒருநாள் அதே விமான நிலையத்தில், அதே கண்ணாடிக் கதவின் முன், நான் அவனிடம் விடைபெற வேண்டும். அன்று சிலுவையிட்டால் அவன் கொண்ட முடிவை நானே நிறுவியவனாவேன். இடாமல் திரும்பினால் அவன் அம்மாச்சியின் வழக்கத்தை நானே கைவிட்டவனாவேன். இவ்விரண்டையும் தவிர்க்க வேண்டுமானால் திரும்பாமல் இருக்க வேண்டும். எழுபத்தொரு வயதில் அதை ஒரு வாரத்தில் முடிவு செய்ய இயலவில்லை.

வாரம் கடந்தது. மேலும் பத்து நாட்கள் கடந்தன. மகள் நினைவூட்டவில்லை. அழைப்பில் என் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தாள்.

நேற்று நான் சோற்றில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தபோது இருட்டிலிருந்து பேரனின் குரல் வந்தது. உறங்கிவிட்டான் என்று எண்ணியிருந்தேன்.

"தாத்தா, இருக்கியா?"

"இருக்கேன்ப்பா."

மறுபடியும் அதையே கேட்டான், அதையே சொன்னேன். மூன்றாம் முறை கேட்டபோது குரல் தளர்ந்திருந்தது.

"நாளைக்கி?"

"நாளைக்கும் இருப்பேன்."

"நாளைக்கி இங்க இருப்பியா?"

ஐயத்துக்கு இடமின்றி விளக்க என்னிடம் எதுவும் இருக்கவில்லை. நாளைக்கு இல்லை, ஆகஸ்டுக்குள் வருகிறேன் என்றேன். அவன் கேட்டானா என்பது தெரியாது. மூச்சு சீராகிக்கொண்டிருந்தது. ஆனால் நடைகூடத்தில் நின்ற மகள் கேட்டுவிட்டாள். அறைக்குள் வந்து போனை எடுக்காமல், கட்டிலின் ஓரத்தில் அமர்ந்தாள். என் தட்டில் ரசம் ஆறிப்போனது.

இன்று காலை ஒரு தாள் எடுத்து, செய்ய வேண்டியவற்றை எழுதினேன். மாலை வரை எதுவும் செய்யப்படவில்லை.

பாஸ்போர்ட் புதுப்பிக்க வேண்டும். போட்டோ எடுக்கவில்லை.

பேத்தியின் புதுநன்மை உடைக்கு உறையூர்த் தையற்காரரிடம் அளவு தர வேண்டும். மகள் அளவு அனுப்பிவிட்டாள், நான் போகவில்லை.

கல்லறைக்குக் கல் பதிக்க வேண்டும். என்ன எழுதுவது என்று கொத்தனார் கேட்டு இரண்டு மாதமாகிறது.

கல்லறையில் பூ வைக்கப் பங்கில் யாரிடமாவது சொல்ல வேண்டும். எத்தனை மாதத்துக்கு என்று கேட்பார்கள்.

பேரனிடம், அங்கே எத்தனை நாட்கள் இருப்பேன் என்பதைப் போவதற்கு முன்பே சொல்ல வேண்டும். எண் இன்னும் முடிவாகவில்லை.

அங்கே இப்போது உறைபனி. என் ஸ்வெட்டர்கள் மனைவியின் பீரோவில், புடவைகளுக்குக் கீழே இருக்கின்றன. பீரோவைத் திறக்க வேண்டும்.